ரேடியம் கலந்த குடிநீர்: வாக்கிஷாவில் என்ன செய்தார்கள், பினாங்கில் நாம் பயப்பட வேண்டுமா?

சகோதரி கேட்டதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். மகன் வேலைக்காக 2021-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாக்கிஷா என்ற ஊருக்குப் போனார். பேத்தி அங்கேதான் பிறந்தாள். அந்த ஊர்க் குடிநீரில் பல வருஷமாக ரேடியம் இருந்தது என்று இப்போது யாரோ சொல்லப்போக, இவருக்குத் தூக்கம் போய்விட்டது. "காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன், போதுமா? நம் பினாங்குத் தண்ணீரிலும் இது இருக்குமா? வீட்டுக்கு வந்த ஃபில்டர்காரர் ரேடியத்தையும் எடுக்கும் என்று 3,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மெஷின் காட்டுகிறார், வாங்கலாமா? அதுவரைக்கும் மினரல் வாட்டர் வாங்கிக் குடிக்கிறோம்."

முதலில் நேர்ப் பதில். காய்ச்சினால் ரேடியம் போகாது. ஆனால் மகன் வீட்டில் இப்போது அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 9-ஆம் தேதி முதல் அந்த ஊர் ஆழ்கிணறுகளை விட்டு மிச்சிகன் ஏரித் தண்ணீருக்கு மாறிவிட்டது. பினாங்கில் உங்கள் குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர். ரேடியத்தைக் காரணம் காட்டி யார் மெஷின் விற்றாலும் வாங்காதீர்கள். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன். குடிநீர்ச் சோதனைக்கூட வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான், கொஞ்சம் நீளும்.

ரேடியம் தொழிற்சாலைக் கழிவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வாக்கிஷாவில் யாரும் எதையும் கொட்டவில்லை. பாறைகளில் இயற்கையாகவே சிறிதளவு யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன. அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்துகொண்டே வருகின்றன, அந்த வரிசையில் நடுவில் பிறப்பதுதான் ரேடியம். யுரேனியத்தின் வழியில் வருவது ரேடியம்-226. அதில் பாதி சிதையவே 1,600 ஆண்டுகள் ஆகும். தோரியத்தின் வழியில் வருவது ரேடியம்-228. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கும் குறைவு. குடிநீர்க் கணக்கில் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

உடம்புக்கு ரேடியத்தையும் கால்சியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டும் ஒரே வேதியியல் குடும்பம். குடிக்கும் ரேடியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மலத்தோடு வெளியேறிவிடும். மீதி இரத்தத்தில் கலந்து எலும்பில் போய் உட்காரும், அங்கிருந்தபடியே கதிர்வீச்சை விடும். 1920-களில் கைக்கடிகார முகப்புகளுக்கு ஒளிரும் ரேடியம் பூசிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அழுகியும் எலும்புப் புற்றுநோய் வந்தும் இறந்தார்கள். அதே காலத்தில்தான் ரேடியம் கலந்த தண்ணீரைச் சத்து டானிக் என்று பாட்டிலில் அடைத்து விற்றார்கள். அதை ஏராளமாகக் குடித்த எபன் பயர்ஸ் என்ற பணக்காரர் 1932-இல் இறந்தார். அவர்கள் உடம்பில் சேர்ந்த அளவு எங்கே, ஒரு ஊர்க் கிணற்றில் இருக்கும் அளவு எங்கே! ஆனால் எலும்பில் சேரும் என்ற அடிப்படை அங்கிருந்துதான் தெரியவந்தது. வாழ்நாள் முழுக்க ஒருவர் தினமும் 2 லிட்டர் குடித்தால் எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போட்டு, அமெரிக்காவில் லிட்டருக்கு 5 பிக்கோகியூரி என்ற வரம்பை 1976-லேயே வைத்தார்கள். நம் ஊரில் புழங்கும் அலகில் சொன்னால் அது 0.185 பெக்கரல். ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று அர்த்தம்.

அந்த 5 பிக்கோகியூரி எடையில் எவ்வளவு? ரேடியம்-226 ஆக இருந்தால், ஒரு கிராமை ஒரு லட்சம் கோடி பங்காக்கி அதில் ஐந்து பங்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபில்டர்காரரிடம் வரும்போது உதவும்.

சரி, பக்கத்து ஊரான மில்வாக்கியில் இல்லாத ரேடியம் வாக்கிஷாவுக்கு மட்டும் எப்படி வந்தது? மில்வாக்கி ஏரிக்கரையில் இருக்கிறது, ஏரித் தண்ணீரைக் குடிக்கிறது. வாக்கிஷா கரையிலிருந்து சுமார் 25 கி.மீ. உள்ளே தள்ளி இருக்கிறது. சுமார் 70,000 பேர் வாழும் ஊர். தரைக்குக் கீழே வெகு ஆழத்தில் மிகப் பழைய மணற்பாறை அடுக்கு இருக்கிறது. அதில் தேங்கிய தண்ணீரைத்தான் அவர்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அடுக்கின் மேல் களிப்பாறை ஒன்று மூடி போட்டதுபோல் படிந்திருப்பதால் மழைநீர் இறங்கி நிரப்புவதற்கு யுகம் ஆகும். சுற்றியுள்ள எல்லா ஊர்களும் ஒரு நூற்றாண்டாக இறைத்ததில் நீர்மட்டம் நூற்றுக்கணக்கான அடி கீழே போய்விட்டது. ஆழம் போகப் போக உப்பும் ஏறியது, ரேடியமும் ஏறியது.

ஆழத் தண்ணீரில் ரேடியம் ஏன் அதிகம் என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி. மேலே இருக்கும் மண்ணிலும் மணலிலும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். அவை ரேடியத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆழத்தில் ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் அந்தப் பூச்சு கரைந்துவிடும். பிடித்துவைக்க ஆள் இல்லாததால் பாறையிலிருந்து வெளியேறும் ரேடியம் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையோடு ஒட்டி உறவாடிய பழைய தண்ணீர். சேர்வதற்கு நேரமும் இருக்கிறது, தடுப்பதற்கு ஆளும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வாக்கிஷா தண்ணீருக்காகவே பேர் வாங்கிய ஊர். ரிச்சர்ட் டன்பார் என்பவர் 1868-இல் அங்குள்ள ஓர் ஊற்றுத் தண்ணீரைக் குடித்து நீரிழிவு குணமாகிவிட்டது என்று சொல்லப்போக, பெரிய ஓட்டல்களும் ரயிலில் வந்து இறங்கும் பணக்காரர்களுமாக ஊரே மாறியது. சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அந்த ஊற்று நீரைக் குழாய் போட்டு எடுத்துப் போக 1892-இல் ஆட்கள் இராத்திரியோடு இராத்திரியாக ரயிலில் வந்து இறங்கியபோது, ஊர்க்காரர்கள் தீயணைப்புக் குழாயும் வைக்கோல் வாரும் கவையுமாகத் திரண்டு விரட்டிவிட்டார்கள். அவர்கள் காத்தது மேல்மட்ட ஊற்று நீர். பின்னால் ஊர் பெருத்து அது பற்றாமல் போய் ஆழத்துக்குத் துளை போட்டதில்தான் வினை வந்தது.

வரம்பு வந்ததும் ஊர் உடனே பணிந்துவிடவில்லை. 2000-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அந்த 5 பிக்கோகியூரி வரம்பை மறுபடி உறுதி செய்தபோது, இவ்வளவு கண்டிப்புக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று வாக்கிஷா நகரமே வழக்குப் போட்டது. 2003-இல் தோற்றது. அதன் பிறகு மாநில அரசோடு நீதிமன்ற உடன்பாடு: 2018 ஜூனுக்குள் நிரந்தர வழி காண வேண்டும், அதுவரை இருக்கிற வழிகளால் அளவைக் குறைக்க வேண்டும். அந்தக் கெடுவும் பின்னால் 2023-க்குத் தள்ளிப்போனது. மக்களின் எலும்பு விஷயத்தில் இத்தனை வருஷ இழுபறியா என்று கோபம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் நகரத் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது: இந்த ரேடியத்தை எடுப்பது முடியாத காரியம் இல்லை, எடுத்ததை எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி.

எடுக்கும் வழிகளைப் பார்ப்போம். கடின நீரை மென்மையாக்க உப்புப் போட்டு இயங்கும் மென்னீராக்கி கால்சியத்தைப் பிடிப்பதுபோல் ரேடியத்தையும் பிடிக்கும். சுண்ணாம்பு கலந்து கடினத்தன்மையைப் படியவைக்கும்போது ரேடியமும் சேர்ந்து படியும். தண்ணீரை அழுத்தி மிக நுண்ணிய சவ்வு வழியாகத் தள்ளுவதுதான் ஆர்.ஓ. முறை, அந்தச் சவ்வு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும். இவற்றையெல்லாம் விட அமெரிக்காவின் மத்திய மேற்கில் பல ஊர்கள் விரும்புவது மாங்கனீசு ஆக்சைடு முறை. மாங்கனீசு சல்பேட்டையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கலந்தால் கரும்பழுப்பாக ஒரு குழம்பு வரும். அதைக் கிணற்றுத் தண்ணீரில் சிறிது விட்டால் ரேடியம் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மணல் வடிகட்டியில் விட்டால் துகள் நிற்கும், தண்ணீர் போகும். யோசித்துப் பாருங்கள், ஆழத்தில் கரைந்துபோன அதே மாங்கனீசுப் பூச்சை மேலே வந்ததும் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வாக்கிஷாவும் சில ஆழ்கிணறுகளில் ரேடியத்தைச் சுத்திகரித்தது, ரேடியம் இல்லாத மேல்மட்டக் கிணற்று நீரை மற்றதோடு கலந்தும் விட்டது.

ஆனால் ரேடியம் ஒரு தனிமம். எரிக்க முடியாது, குளோரின் போட்டுக் கொல்ல முடியாது. இடம் மாற்றலாம், அவ்வளவுதான். மணல் வடிகட்டியைக் கழுவினால் கழுவிய தண்ணீருக்குப் போகும். அது சாக்கடைக்குப் போனால், கழிவுநீர் நிலையத்துச் சகதியில் சேரும். அந்தச் சகதியை உரமாக வயலில் கொட்டினால் வயலுக்குப் போகும். எவ்வளவு கொட்டலாம் என்பதற்கு இல்லினாய் போன்ற மாநிலங்களில் தனி விதியே இருக்கிறது. ஆர்.ஓ. வைத்தால் தடுக்கப்பட்ட உப்பும் ரேடியமும் சேர்ந்த அடர்நீர் ஒருபக்கம் ஓடும். தண்ணீரே குறைந்துகொண்டிருக்கும் ஊரில் அது இரட்டை நஷ்டம். சுத்திகரித்தாலும் இறைப்பது நிற்கப்போவதில்லை, நீர்மட்டம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், இறங்க இறங்க ரேடியம் கூடும். ஆகவே ஊற்றுவாயையே மாற்றுவது என்று வாக்கிஷா முடிவெடுத்தது. நான் அங்கே பொறியாளராக இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஏரி 25 கி.மீ.-இல் இருக்கிறது, குழாய் போட வேண்டியதுதானே? முடியாது. அமெரிக்காவின் எட்டு மாநிலங்கள் சேர்ந்து 2008-இல் சட்டமாக்கிய பேரேரிகள் உடன்படிக்கை ஒன்று உண்டு, மிச்சிகன் ஏரியும் அதற்குள் வரும். ஏரிகளுக்கு வடியும் நிலப்பரப்புக்கு வெளியே தண்ணீரைக் கொண்டுபோகக் கூடாது என்பது அதன் சாரம். வாக்கிஷா அந்த நீர்ப்பிடிப்பு எல்லைக்குச் சற்று அப்பால் இருக்கிறது. அங்கே விழும் மழை ஃபாக்ஸ் ஆறு வழியாக மிசிசிப்பி பக்கம் போகிறது. நல்லவேளையாக அந்த மாவட்டம் எல்லைக்கு இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் உள்ள ஊர், வேறு வழியே இல்லை என்று நிரூபித்து, எடுத்த தண்ணீரைச் சுத்திகரித்துத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டால் கேட்கலாம் என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. ஆனால் எட்டு மாநில ஆளுநர்களில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் கதை முடிந்தது.

2010-இல் மனுப் போட்டார்கள். பின்னால் திருத்திய மனுவில் நாளொன்றுக்கு 10.1 மில்லியன் கேலன் கேட்டார்கள். இன்று வாக்கிஷா, நாளை பாலைவன மாநிலங்களா என்று ஏரிக்கரை நகர மேயர்கள், கனடா பக்கத்தவர்கள் உட்பட, கடுமையாக எதிர்த்தார்கள். அளவு 8.2 மில்லியன் கேலனாகக் குறைக்கப்பட்டு, 2016 ஜூன் 21-ஆம் தேதி எட்டு மாநிலங்களும் ஒருமனதாகச் சம்மதித்தன. அந்த விதிவிலக்கில் அனுமதி பெற்ற முதல் ஊர் அதுதான். நம் கணக்கில் தினம் சுமார் 3 கோடியே 10 லட்சம் லிட்டர். தண்ணீரை மில்வாக்கி விற்கிறது. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து ரூட் ஆற்றில் விடுகிறார்கள், அது ரசீன் என்ற ஊரில் மறுபடி ஏரியில் கலக்கிறது. மொத்தச் செலவு ஏறத்தாழ 28 கோடியே 60 லட்சம் டாலர். நம் காசில் நூறு கோடி வெள்ளிக்கு மேல். தண்ணீர் பில்லும் அதற்கேற்ப ஏறியது, உங்கள் மகன் கவனித்திருப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். ஏரித் தண்ணீர் என்றால் தேவாமிர்தம் என்று நினைக்க வேண்டாம். 1993-இல் இதே மில்வாக்கியில், இதே ஏரித் தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் வடிகட்டியைத் தாண்டி வந்து சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பலர் இறந்தே போனார்கள். குளோரின் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிறகுதான் மில்வாக்கி ஓசோன் சுத்திகரிப்பைக் கொண்டுவந்தது. ஆழத்துப் பழைய தண்ணீரில் கிருமி இருக்காது, பாறையின் சங்கதிகள் இருக்கும். திறந்தவெளித் தண்ணீரில் பாறையின் சங்கதி குறைவு, கிருமியும் மனிதன் கொட்டுவதும் அதிகம். எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அதற்கென்று ஒரு காவல் வேண்டும்.

இப்போது மகனுக்கு வருவோம். 2021-இலிருந்து 2023 அக்டோபர் வரை, இரண்டு வருஷம் பழைய தண்ணீரைக் குடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரம்பின் அளவிலேயே, அதாவது 0.185 பெக்கரல், தினம் 2 லிட்டர் குடித்தால் வருஷத்துக்கு வரும் கதிரியக்க அளவு 0.04-இலிருந்து 0.09 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை. எந்த வகை ரேடியம் அதிகம் என்பதைப் பொறுத்தது. மூன்று மடங்கு மோசமாக எடுத்துக்கொண்டாலும் 0.3-ஐத் தாண்டாது. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒரு சராசரி மனிதர் எப்படியும் வாங்கிக்கொள்வது வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ரேடியம் வரம்பு என்பது எழுபது வருஷம் குடித்தால் என்ற கணக்கு. இரண்டு வருஷத்துக்காக அவர் எந்த டெஸ்ட்டுக்கும் ஓட வேண்டியதில்லை. வளரும் எலும்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பதால் குழந்தைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பேசுவேன், ஆனாலும் பேத்தி குடித்த காலமும் அளவும் சின்னது. மனம் ஆறவில்லை என்றால் அடுத்த முறை குழந்தை மருத்துவரிடம் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும், போதும். குளித்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரேடியம் தோல் வழியாக உள்ளே போவது மிகச் சொற்பம், பிரச்சினையே குடிப்பதில்தான்.

காய்ச்சுவதைப் பற்றி: நீராவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், ரேடியம் கெத்தலிலேயே நிற்கும். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நம் அம்மாக்கள் காய்ச்சியது காலராவுக்கும் டைபாய்டுக்கும் எதிராக, அதற்கு அது அருமையான மருந்து. ரேடியத்துக்கு எதிராக ஒன்றுமில்லை. மகன் வீட்டில் உப்புப் போடும் மென்னீராக்கி இருந்தால், ஏரித் தண்ணீர் பழையதை விடக் கடினம் குறைந்தது, அமைப்பைக் குறைத்துவைக்கச் சொல்லுங்கள், உப்பு மிச்சமாகும். ஒவ்வொரு வருஷமும் குடிநீர் நிறுவனம் தர அறிக்கை வெளியிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதில் ரேடியத்துக்கென்று ஒரு வரி இருக்கும், அவரே பார்த்துக்கொள்ளலாம்.

பினாங்குக்கு வருவோம். உங்கள் பக்கத்துக்கும் தீவின் பெரும்பகுதிக்கும் தண்ணீர் சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. தீவுக்குக் கடலடிக் குழாய் வழியாகப் போகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளும், வறட்சிக்கென்று மெங்குவாங் அணையும் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுனும் துறைமுகத்துக் கப்பல்களும் குடித்தது தண்ணீர்மலைப் பக்கத்து அருவி நீரை. எல்லாமே மழையாக விழுந்து சில மணி நேரமோ சில நாளோ மண்ணிலும் பாறையிலும் ஓடி வரும் இளம் தண்ணீர். பினாங்குத் தீவே கருங்கல் மலைதானே, கருங்கல்லில் யுரேனியம் அதிகம் என்கிறார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான், மற்றப் பாறைகளைவிடச் சற்று அதிகம். ஆனால் பாறையில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, தண்ணீர் எத்தனை காலம் அதோடு கிடந்தது, ஆக்சிஜன் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். குதித்து ஓடும் மலை ஓடைக்கு இந்த இரண்டிலும் வாக்கிஷாவின் கதி இல்லை. கோலாலம்பூர்க்காரர்கள் கேட்கும் பகாங்–சிலாங்கூர் தண்ணீர்ச் சுரங்கப்பாதைக்கும் இதே பதில்தான். 44.6 கி.மீ. நீளத்துக்குத் தித்திவங்சா மலையைக் குடைந்து வருகிறது. தண்ணீர் அதில் ஓடுகிறது, தங்குவதில்லை.

வெறும் தர்க்கத்தை நம்பச் சொல்லவில்லை. மலேசியக் குடிநீர்த் தரத்தில் கதிரியக்கத்துக்கு வரம்பு உண்டு: ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வகைக் கதிர்களில் மொத்த ஆல்ஃபா லிட்டருக்கு 0.1 பெக்கரல், மொத்த பீட்டா 1 பெக்கரல். உலகச் சுகாதார நிறுவனம் முதற்கட்டச் சோதனைக்கு வைத்திருக்கும் ஆல்ஃபா அளவு 0.5. நம்முடையது அதைவிடக் கண்டிப்பு. இது சல்லடை போன்ற முதற்கட்டச் சோதனை. தாண்டினால்தான் எந்தத் தனிமம் என்று பிரித்துப் பார்ப்பார்கள்.

நம் நாட்டில் ரேடியத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் குழாயில் இல்லை. சுரங்க மணலிலிருந்து ஈயத்தை (வெள்ளீயம், அதாவது டின்) பிரித்தபின் மிஞ்சும் கனமான மணலை ஆமாங் என்பார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. நாகர்கோவில் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இதே சரக்குதான். பேராக்கில் புக்கிட் மேராவில் இந்த மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஆலை விவகாரம் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊர்மக்கள் வழக்குப் போட்டு 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். மறு வருஷம் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. பழைய ஈயச் சுரங்க நிலத்திலோ ஆமாங் கொட்டிய இடத்துக்குப் பக்கத்திலோ யாராவது சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போட்டு அதையே குடித்தால், அவர்களிடம் ஒருமுறை கதிரியக்கச் சோதனையும் செய்யச் சொல்வேன். வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று வழி சொல்வார்கள்.

நம் குழாய்த் தண்ணீருக்கு நான் பயப்படுவது வேறு விஷயங்களுக்கு. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வறண்டன. பினாங்குக்குத் தண்ணீர் தரும் ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். அங்கே மரம் வெட்டினால் இங்கே ஆறு கலங்கும், வற்றும். அந்தத் தண்ணீருக்கு ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி கொடு என்று கெடா கேட்டதும், ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது என்று பினாங்கு மறுத்ததும் நமக்குத் தெரிந்த கதை. எட்டு மாநிலங்கள் உட்கார்ந்து சட்டம் எழுதி, ஒரு சின்ன ஊருக்காக ஓட்டுப் போட்டதைப் பார்க்கும்போது, இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நம்மால் ஒரு நீர்ப்பிடிப்பு உடன்பாட்டை எழுத முடியாதா என்று எனக்கு ஆதங்கம் வருகிறது. ரேடியத்தை விட அதுதான் நம் பேரப்பிள்ளைகளின் தண்ணீர்க் கவலை.

கடைசியாக ஃபில்டர்காரர். அவர் இரண்டு கிளாஸில் தண்ணீர் வைத்து, ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் தன் மெஷின் தண்ணீர், கம்பிகள் உள்ள ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் நுழைத்து கரண்ட் கொடுத்தாரா? குழாய்த் தண்ணீர் பழுப்பாகி நுரைத்து, அடியில் அழுக்குப் படிந்ததா? அந்த அழுக்கு தண்ணீரில் இருந்தது இல்லை, கம்பியிலிருந்து வந்த இரும்புத் துரு. தண்ணீரில் சாதாரண உப்புகள் இருந்தால் கரண்ட் ஓடும், இரும்புக் கம்பி அரிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, கரண்ட் ஓடாது, தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை வந்தால் அவருடைய 'சுத்தமான' கிளாஸில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

இன்னொருவர் தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் என்ற பேனா மாதிரி கருவியைக் காட்டி, எண் அதிகம், ரேடியம் இருக்கும் என்பார். அந்த மீட்டரில் எண் 1 கூட வேண்டுமென்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் உப்பு கூட வேண்டும். அமெரிக்க வரம்பில் இருக்கும் ரேடியம் அதில் இருபது கோடியில் ஒரு பங்கு. அந்தப் பேனாவுக்கு அது தெரியவே தெரியாது. அடுப்பங்கரைக் குழாயில் மாட்டும் கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையை எடுக்கும், ரேடியத்தைப் பிடிக்காது. புறஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், ரேடியத்தைத் தொடாது. அவர் விற்பது ஆர்.ஓ. என்றால் ரேடியத்தை எடுக்கும் என்று சொன்னது பொய்யில்லை. உங்கள் தண்ணீரில் அது பிரச்சினையாக இல்லாதபோது அதற்கு 3,800 வெள்ளி ஏன் என்பதுதான் கேள்வி. அந்தக் காசில் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவி, மூடி உடைந்திருந்தால் மாற்றி, துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே வீட்டில் சாதாரண ஃபில்டர் இருந்தால் அதன் உள்குழலைக் காலத்தோடு மாற்றுங்கள். மாற்றாத ஃபில்டர் குழாய்த் தண்ணீரை விட மோசம்.

மினரல் வாட்டரைப் பற்றி. நம் நாட்டு பாட்டில்களில் லேபிளில் இயற்கை மினரல் வாட்டர் என்று இருந்தால் நிலத்தடியிலிருந்து எடுத்தது, வெறும் குடிநீர் என்று இருந்தால் ஆர்.ஓ. போன்ற முறையில் சுத்திகரித்தது. இரண்டுக்கும் அரசு விதிமுறை உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நிலத்தடி ரேடியத்துக்குப் பயந்து குழாயை மூடிவிட்டு மினரல் வாட்டர் பாட்டில் வாங்குகிறீர்கள் என்றால், ஆற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு நிலத்தடித் தண்ணீருக்குப் போகிறீர்கள். குழாய்த் தண்ணீரையே எப்போதும்போல் காய்ச்சிக் குடியுங்கள்.